வலப்பக்க டயர்

என் கடைக்கு வரும் வண்டிகளில்
தனகோட்டியின் வண்டி மட்டும்
பாதி கிழடு, பாதி குமரி.
வலப்பக்க டயர் இரண்டும் கம்பி தெரியத் தேய்ந்திருக்கும்.
இடப்பக்கத்தில்
வாங்கிய அன்றிருந்த ரப்பர் முள்கூட உதிர்ந்திருக்காது.

செங்குன்றம் தாண்டி
மூடிப்போன அரிசி ஆலைக்குப் பின்னால்
எங்கள் சங்கத்தின் வட்டம்.
நாற்பது சுற்று. அத்தனையும் இடது.
செக்குமாடு என்பார்கள், பார்க்க வராதவர்கள்.
"செக்குமாட்டை எண்பது ஸ்பீடுல
இன்னொரு மாடு வந்து விலாவுல இடிக்குமா?"
என்பான் தனகோட்டி.
பதில் சொன்னவர் இல்லை.

இந்த வருஷம் கேள்வி வந்தது.
பட்டம் முடிவாகும் கடைசி நான்கு பந்தயங்களில்
ஒன்றையாவது சாலையில் வைக்கலாமா?
அம்பத்தூர் எஸ்டேட்டில்
ஞாயிற்றுக்கிழமை அடைத்துத் தருவார்களாம் தெருக்களை.
பதினொரு வளைவு.
அதில் ஏழு வலது.

புதுப்பேட்டையில் சைலன்ஸர் கடை மாடி.
பதினொரு பேர், ஒன்பது நாற்காலி,
ஓடும்போது முனகும் ஒரு மின்விசிறி.

பொருளாளர் கற்பகவல்லி ஆரம்பித்தார்:
"வருஷம் பூரா கணக்கு சொல்லிக் குடுத்துட்டு
முழுப்பரீட்சையில வரலாறு கேப்பீங்களா?"

"கணக்கு மட்டும் தெரிஞ்சவனுக்கு
ஸ்கூல் ஃபர்ஸ்ட் குடுப்பீங்களா?"
இது இம்தியாஸ். புள்ளிப் பட்டியலில் நான்காவது.
பகலில் கால்டாக்ஸி.
"ஃப்ரீ லெஃப்ட் எவனும் எடுப்பான்.
ரைட் எடுக்க
எதிர்ல வர்றவன் கண்ணப் பாக்கணும்."

யாரோ ஜனங்களைப் பற்றிப் பேசினார்கள்.
வட்டத்தில் ஒரே தார்ப்பாய் நிழலில் நின்று
முழுப் பந்தயத்தையும் பார்க்கலாம்.
தெருவில் ஒரு வளைவு கிடைக்கும்,
மிச்சமெல்லாம் சத்தம்தான்.
அதுவும் சரியாகத்தான் பட்டது.
அன்று எல்லாமே சரியாகப் பட்டது எனக்கு, அதுதான் கஷ்டம்.

கை தூக்கச் சொன்னார்கள்.
ஐந்து. ஐந்து.
முந்நூறு ரூபாய் சந்தா கட்டிய பாவத்துக்கு
பதினொன்றாவது கை என்னுடையது.

தனகோட்டி எனக்கு ஆறு டயர் பாக்கி.
வட்டமே தொடர்ந்தால் பட்டம் அவனுக்கு,
பரிசுப் பணத்தில் முதல் பங்கு எனக்கு.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது என் நினைவில் வந்தது
நியாயம் இல்லை, அநியாயம் இல்லை,
அவன் வண்டியின் இடப்பக்க முன் டயர்.
மூன்று வருஷமாகத் தேயாமல்
கடைவாசலில் நிற்கும்போதெல்லாம் நான் தடவிப் பார்ப்பது.
பள்ளம் அப்படியே இருக்கும்,
பக்கச்சுவரில் மட்டும் மெல்லிய வெடிப்பு.
உழைக்காத ரப்பரையும் இந்த ஊர் வெயில் விடுவதில்லை.

சாலை, என்றேன்.

அன்று மழை. என்னை ஏற்றிக்கொள்ளாமல் போனான்.
எழும்பூர் ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டே நடந்தேன்.
முதல் முறையாக எண்ணினேன்:
இரண்டு இடது, மூன்று வலது.
அல்லது நான்கோ,
ஒரு லாரி மறைத்ததில் கணக்கு விட்டுப்போயிற்று.

மூன்றாம் நாள் வந்தான்.
வண்டியை ஏற்றி நிறுத்தினான்.
"இடது பக்கத்தத் தூக்கி வலது பக்கம் போடு."

"வர்ற வாரம் வட்டம்தானே?"

பேசவில்லை.
ஜாக்கி கொடுத்தேன். நட்டுகளைக் கழற்றினேன்.
ஓரக்கண்ணால் பார்த்தபோது
டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு
இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்,
சொட்டுகிற குழாயை இறுக்குகிறவன் போல
வலது பக்கம்,
கொஞ்சம் கொஞ்சமாக,
பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து.

"பழைய பாக்கி?" என்றேன்.

"எழுதிக்கோ."